இரண்டே பேருக்குக் கிறிஸ்துமஸ் விருந்து: ஒரு குக்கரில், 500 ரூபாய்க்குள்

ஊரோடு இருப்பவர்களுக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குத் திட்டமே தேவைப்படாது. நாகர்கோவில், தூத்துக்குடி பக்கமெல்லாம் ஒரு வாரம் முன்பே அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் டின்னில் ஏறிவிடும், ஆராதனை முடித்து வந்தால் இட்லிக்குக் கறிக்குழம்பு தயாராக இருக்கும், மதியம் பிரியாணி, அதை யார் வாங்கினார்கள் யார் சமைத்தார்கள் என்று பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. சிரமமெல்லாம் வேலைக்காகச் சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ வாடகை வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்குத்தான். 25ஆம் தேதி ஒரு நாள் லீவு, 26 காலை ஆபீஸ், ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கவில்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க வீட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மா, எல்லோருக்கும் இதே நிலைதான்.

ஆர்டர் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். தப்பில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி ஊரே ஆர்டர் போடும், இரண்டு பிரியாணி, ஒரு சைடு டிஷ், டெலிவரி, பேக்கிங், வரி என்று கூட்டினால் 700 ரூபாயைத் தாண்டும், வந்து சேரும்போது பாதி ஆறியிருக்கும். அதே காசுக்குக் குறைவாக வீட்டில் சூடாகச் சாப்பிடலாம். சாதமும் ரசமும் வைக்கத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் அனுபவம் வேண்டும் என்று நான் வைத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான் என்றும் இல்லை, லீவு எல்லோருக்கும்தானே.

முதலில் மெனுவில் கை வையுங்கள்

புதிதாகச் சமைப்பவர்கள் ஆசையில் பிரியாணி, சிக்கன் 65, ஒரு கிரேவி, பாயசம் எல்லாவற்றையும் பேப்பரில் எழுதிவிடுவார்கள். இரண்டு பேருக்கு அத்தனையும் சமைக்கப் பத்துப் பேருக்குச் சமைக்கிற அதே உழைப்புதான், அதே பாத்திரம்தான், சாப்பிட மட்டும் ஆள் இல்லை. என் கணக்கு இதுதான்: பெரிய அயிட்டம் ஒன்று, அதை மட்டும் ஒழுங்காகச் சமைக்க வேண்டும், அதற்குத் தொட்டுக்கொள்ள ஒன்று, தயிர்ப்பச்சடி, அவித்த முட்டை. இனிப்பைக் கடையில் வாங்கிவிட வேண்டும்.

ஆகவே சீரகச் சம்பா சிக்கன் பிரியாணி, எண்ணெய்க் கத்திரிக்காய், தயிர் வெங்காயம், ஆளுக்கொரு முட்டை, கடைசியில் ஒரு துண்டு பிளம் கேக். அவ்வளவுதான். பாஸ்மதி வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: பாஸ்மதியைத் தனியாக வேகவைத்து வடித்துத் தம் போடத்தான் நன்றாக இருக்கும், அதில் பதம் தவறினால் குழைந்துவிடும். சீரகச் சம்பாவைக் குக்கரில் மசாலாவோடு சேர்த்தே வேகவிடலாம், மசாலாவை நன்றாக இழுத்துக்கொள்ளும். முதல் தடவை சமைக்கிற கைக்கு அதுதான் தோது.

கேக் சுடலாமா என்றால், வேண்டாம். ஓவன், அச்சு, வெண்ணெய், உலர்பழம் என்று வாங்கப் போனால் மொத்த பட்ஜெட்டும் அங்கேயே முடிந்துவிடும். பேக்கரிகள் இருக்கவே இருக்கின்றன. (1883இல் கேரளத்துத் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் சுட்டதைத்தான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வார்கள், மர்டாக் பிரவுன் என்ற எஸ்டேட் துரை சீமையிலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி இது மாதிரி செய்து கொடு என்று கேட்டாராம். கேக்கைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவது அப்படியொன்றும் புதுப் பழக்கம் இல்லை.) முழுக் கேக் வாங்க வேண்டாம், கால் கிலோ துண்டாகவே கிடைக்கும். தூத்துக்குடிக்காரர்கள் வீட்டில் இருந்தால் கேக்குக்குப் பதில் நூறு கிராம் மக்ரூன் வாங்கினால் சண்டை வராது, ஆனால் முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்த பண்டம் அது, மழைக் காற்றுப் பட்டால் பதத்துப்போகும், சாப்பிடும்வரை டப்பாவைத் திறக்காதீர்கள்.

500 ரூபாய் எங்கே போகிறது

விலை ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும், நான் சொல்வது சென்னைப் புறநகர்க் கணக்கு, அதுவும் உத்தேசமாக. எலும்போடு கோழிக்கறி 350 கிராம் 100 ரூபாய் சொச்சம். சீரகச் சம்பா உதிரியாகக் கால் கிலோ 40 ரூபாய்க்குள். வெங்காயம் அரைக் கிலோ, தக்காளி கால் கிலோ, கத்திரிக்காய் கால் கிலோ, எலுமிச்சை ஒன்று, பச்சை மிளகாய், புதினா, மல்லித்தழை எல்லாம் சேர்த்து 100, 120. தயிர், இரண்டு முட்டை, சின்ன நெய் பாக்கெட், இஞ்சி, பூண்டு, இவை இன்னொரு 80. கேக்குக்கு 100, 120. மொத்தம் 450ஐ ஒட்டி வரும், மிச்சம் 50 கையில் இருக்கட்டும், டிசம்பர் மழையில் தக்காளி விலை எப்போது ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. முருங்கைக்காய்ப் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள், குளிர் மாதங்களில் அது எட்டாத விலைக்குப் போய்விடும். எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், புளி வீட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பட்ஜெட்டைக் கெடுப்பது கறியோ அரிசியோ இல்லை. பிரியாணி மசாலா டப்பா ஒன்று, பட்டை நூறு கிராம், ஏலக்காய் ஐம்பது கிராம், பெரிய நெய் பாட்டில், இஞ்சி பூண்டு விழுது பாட்டில், இதெல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள், இரண்டு பேர் பிரியாணிக்கு இவற்றில் தேவைப்படுவது ஒரு துண்டும் மூன்று கிராம்பும் ஒரு ஸ்பூனும்தான். மீதி அடுத்த கிறிஸ்துமஸ் வரை அலமாரியில் கிடந்து வாசம் போய்விடும். தெருமுனை மளிகைக் கடையில் "பட்டை கிராம்பு பத்து ரூபாய்க்குக் கொடுங்கண்ணே" என்று கேட்டால் ஒரு சின்னப் பொட்டலத்தில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரிஞ்சி இலை எல்லாம் போட்டுக் கொடுப்பார்கள், அது தாராளம். காய்கறியும் அப்படித்தான், தள்ளுவண்டியிலோ சந்தையிலோ வாங்கினால் கால் கிலோவும் கொடுப்பார்கள், கொசுறாகக் கறிவேப்பிலையும் வரும்.

கறிக்கடையில் 350 கிராம் கேட்க வெட்கப்பட்டு ஒரு கிலோ வாங்கி வந்தவர்கள் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை. "அண்ணே, பிரியாணி பீஸ், லெக் பீஸ் ஒண்ணு வர்ற மாதிரி முன்னூத்தம்பது கிராம்" என்று சொல்லுங்கள், நெஞ்சுக்கறியாகவே போட்டுவிட்டால் சக்கை மாதிரி இருக்கும், தொடைப் பக்கம் பாதியாவது இருக்கட்டும். தோலுரித்த கறியா தோலோடா என்று கேட்பார், தோலுரித்தது.

கடைக்கு எப்போது போவது

கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்ட வீடுகளில் அசைவம் இருக்காது, அதனால் பொதுவாகக் கறிக்கடையில் நெரிசல் கொஞ்சம் குறைவுதான். ஆனால் 25 காலை அந்தக் கணக்கு செல்லாது. வரிசையில் நின்றாலும் கேட்ட துண்டு கிடைக்காது. 24 சாயங்காலமே வாங்கி, மசாலா தடவி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஊறினால் ருசியும் கூடும். ஃபிரிட்ஜ் இல்லாத அறை என்றால் வேறு வழியில்லை, 25 மதியத்துக்கு மேல் போய் வாங்கி உடனே சமைக்க வேண்டியதுதான், கடைக்காரரிடம் முதல் நாளே எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள்.

24ஆம் தேதி இன்னொரு வேலை இருக்கிறது, யாரும் சொல்லித்தராத வேலை: சிலிண்டர். ஒரே சிலிண்டர் உள்ள வீடு என்றால் ஈரத்துணியால் மேலிருந்து கீழாக ஒரு துடை துடைத்துப் பாருங்கள், கேஸ் இருக்கும் மட்டம்வரை ஈரம் காய நேரம் எடுக்கும், மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். மட்டம் அடியில் நின்றால் பக்கத்து வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள், பண்டிகை நாளில் புது சிலிண்டர் வந்து சேரும் என்று நம்ப முடியாது. குக்கர் காஸ்கெட் தளர்ந்திருக்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள். 3 லிட்டர் குக்கர் இந்த அளவுக்குச் சரியாக இருக்கும், 5 லிட்டரும் பரவாயில்லை, அதற்கு மேல் பெரிய குக்கரில் ஒரு டம்ளர் அரிசி போட்டால் அடியில் மெல்லிசாகப் பரவிக் கருகிவிடும்.

எட்டு மணிக்குச் சாப்பிட

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். 8 மணிக்குத் தட்டில் விழ வேண்டும் என்றால் 7.30க்கு அடுப்பு அணைந்திருக்க வேண்டும், 7.15க்கு அரிசி குக்கருக்குள் போக வேண்டும், 6.45க்கு அரிசியைக் கழுவி ஊறப்போட வேண்டும், 6.30க்கு வெங்காயம் எண்ணெயில் விழ வேண்டும். கத்திரிக்காயை 5 மணிக்கே முடித்து ஓரம் வைத்துவிடலாம், அது ஆற ஆறத்தான் நன்றாக இருக்கும். முட்டையை எப்போது வேண்டுமானாலும் அவிக்கலாம். இரண்டு பேரில் ஒருவர் அடுப்பில் நின்றால் இன்னொருவர் நறுக்கிக் கொடுக்கட்டும், பாத்திரமும் கழுவட்டும், சின்னச் சமையலறையில் இரண்டு பேரும் அடுப்பு முன்னால் நின்றால் காரியம் ஆகாது.

கத்திரிக்காய்

பிஞ்சுக் கத்திரிக்காய் ஐந்தாறு, காம்பை வெட்டாமல் நான்காகக் கீறித் தண்ணீரில் போடுங்கள். ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை, ஒரு டீஸ்பூன் எள், இரண்டையும் வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். சின்ன நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து வையுங்கள். நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, கத்திரிக்காயை அதில் தோல் சுருங்கும்வரை வதக்கித் தனியே எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயம், பாதித் தக்காளி. மிளகாய்த்தூள் முக்கால் டீஸ்பூன், மல்லித்தூள் ஒரு டீஸ்பூன், மஞ்சள், உப்பு. பச்சை வாசம் போனதும் புளித்தண்ணீர், கடலைப் பொடி, கத்திரிக்காய் எல்லாவற்றையும் சேர்த்து மூடி, சிம்மில் பத்து நிமிடம். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வந்தால் முடிந்தது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பிரியாணிக்குக் கத்திரிக்காய் இல்லாமல் இலை போட மாட்டார்கள், புளிப்பு அந்த நெய்க் கனத்தை வெட்டிவிடும், அதனால் இதைத் தவிர்த்துவிட்டு வேறு ஏதாவது கிரேவி வைக்கலாமே என்று யோசிக்காதீர்கள்.

இனி பிரியாணி

அளவு: அரிசி ஒரு டம்ளர், ஏறக்குறைய 200 கிராம். கறி 350 கிராம். பெரிய வெங்காயம் இரண்டு, நீளவாக்கில் மெல்லிசாக. தக்காளி ஒன்று. இஞ்சியும் பூண்டும் சம அளவில் இடித்த விழுது ஒன்றரை மேசைக்கரண்டி. பச்சை மிளகாய் இரண்டு, மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், தயிர் மூன்று மேசைக்கரண்டி, புதினாவும் மல்லியும் ஆளுக்கொரு கைப்பிடி, எலுமிச்சை பாதி. எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, நெய் ஒன்று. பட்டை ஒரு விரல் கணு, கிராம்பு மூன்று, ஏலக்காய் இரண்டு, பிரிஞ்சி இலை ஒன்று.

கறியை முதல் நாளே தயிர், பாதி இஞ்சி பூண்டு விழுது, பாதி மிளகாய்த்தூள், கொஞ்சம் உப்பு போட்டுப் பிசறி வைத்திருப்பீர்கள். (கழுவும்போது குழாயை முழு வேகத்தில் திறந்துவிடாமல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக் கழுவுங்கள், தெறித்த தண்ணீர் பக்கத்தில் இருக்கும் பச்சடி வெங்காயத்தில் விழக் கூடாது. கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்குவதும் வேண்டாம்.)

குக்கரில் எண்ணெயும் நெய்யும் சூடானதும் பட்டை வகையறா. அடுத்து வெங்காயம். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். கண்ணாடி மாதிரி ஆனதும் அடுத்ததைப் போட்டுவிட்டால் பிரியாணி வெள்ளைக் குஸ்கா நிறத்தில், இனிப்புத் தட்டிக்கொண்டு வரும். நடுத்தரத் தீயில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் நின்று வதக்க வேண்டும், முதலில் நீர் விடும், பிறகு சுருங்கும், பிறகு ஓரங்கள் சிவக்கும், கடைசியில் முழுவதும் பொன்னிறம் தாண்டிக் கொஞ்சம் பழுப்புக்குப் போகும், அப்போது வரும் வாசம் உங்களுக்கே தெரியும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் சீக்கிரம் வதங்கும்.

மீதி இஞ்சி பூண்டு விழுது, அடி பிடிக்காமல் இரண்டு நிமிடம். பிறகு கீறிய பச்சை மிளகாய், பாதிப் புதினா மல்லி, மீதி மிளகாய்த்தூள், தக்காளி. தக்காளி உருவம் தெரியாமல் கரைந்ததும் கறியைப் போட்டுக் கிளறி, மூடியைச் சும்மா மேலே வைத்து, தண்ணீர் ஊற்றாமல் எட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். பிராய்லர் கறி தானே நிறையத் தண்ணீர் விடும், பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

அந்தச் சாற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால்தான் பலருக்குப் பிரியாணி கஞ்சியாகிறது. ஊறிய சீரகச் சம்பாவுக்குக் குக்கரில் ஒன்றுக்கு ஒன்றரை தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. கறிச்சாறு ஏற்கெனவே இருப்பதால் ஒன்றேகால் டம்ளர் மட்டும் சுடுதண்ணீராக ஊற்றுங்கள், பழைய அரிசி என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு மேசைக்கரண்டி. கொதி வந்ததும் எலுமிச்சை பிழிந்து, ஒரு ஸ்பூனில் எடுத்து ருசி பாருங்கள். உப்பு சரியாக இருந்தால் பத்தாது என்று அர்த்தம், ஒரு கல் தூக்கலாக இருக்க வேண்டும், அரிசி போனதும் சரியாகிவிடும். இந்த ஒரு ஸ்பூன் ருசி பார்ப்பதற்குப் பதிலாக எந்த அளவுக் குறிப்பும் உதவாது, ஏனென்றால் உங்கள் வீட்டு உப்பு கல்லுப்பா தூளா என்று எனக்குத் தெரியாது.

அரிசியை இருபது, முப்பது நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள், ஒடிந்துவிடும். தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு குக்கரில் போட்டு, கரண்டியால் ஒரே ஒரு தரம் அடியிலிருந்து புரட்டி, மீதிப் புதினா மல்லியைத் தூவி மூடுங்கள். தீயைக் கூட்டி ஒரு விசில், பிறகு சிம்மில் வைத்து மூன்று நிமிடம், அணைத்துவிடலாம். கறுகும் என்று பயமாக இருந்தால் அந்த மூன்று நிமிடமும் குக்கருக்கு அடியில் தோசைக்கல்லை வைத்துவிடுங்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றக் கூடாது, தானாக அடங்கட்டும், கால் மணி நேரம் ஆகும். அதுதான் தம். திறந்ததும் கிளறாமல், கரண்டிக் காம்பாலோ முள்கரண்டியாலோ ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரித்துவிடுங்கள். மேலே ஈரமாக இருந்தால் பதற வேண்டாம், திறந்தபடி ஐந்து நிமிடம் விட்டால் இழுத்துக்கொள்ளும்.

ஆவி அடங்குகிற இந்த நேரத்தில்தான் தயிர் வெங்காயம். வெங்காயத்தை நறுக்கித் தயிரில் போட்டு வைத்துக்கொள்ளலாம், உப்பு மட்டும் சாப்பிட உட்காரும்போது போடுங்கள், முன்பே போட்டால் நீர்த்துப்போகும்.

கறி சாப்பிடாதவர்களுக்கு

கோழிக்குப் பதில் காளான் 200 கிராம் பாக்கெட் ஒன்று, அது இரண்டு பேருக்கு அளந்து வைத்த மாதிரியே இருக்கும். முறை அதேதான். காளானும் நீர் விடும், ஆனால் கோழி அளவுக்கு இல்லை, ஐந்து நிமிடம் வதக்கினால் போதும், தண்ணீர் ஒன்றரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாக. ஆட்டுக்கறிதான் வேண்டும் என்றால் கால் கிலோவே கோழியைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், அதைத் தனியாக நான்கைந்து விசில் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரையே அரிசிக்கு அளந்து ஊற்ற வேண்டும். அப்போது கேக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பரிமாறுவது

பேப்பர் ஸ்டார், சீரியல் லைட் என்று போனால் அது தனிச் செலவு, உங்கள் இஷ்டம். வாழை இலை பாதியாக வெட்டி இரண்டு, அது போதும் என்பது என் கட்சி, சூடான பிரியாணிக்கு இலையைவிட நல்ல தட்டு கிடையாது, கழுவுகிற வேலையும் மிச்சம்.

ஒன்றை மறக்காதீர்கள். பக்கத்தில் கிறிஸ்தவ வீடு இருந்தால் அன்று காலையோ மதியமோ கேக்கும் பலகாரமும் வைத்த தட்டு ஒன்று உங்கள் வீட்டுக்கு வர வாய்ப்பு நிறைய. அப்படி வந்தால் கேக் வாங்குகிற 100 ரூபாயும் மிச்சம், ஆனால் தட்டை வெறுமனே திருப்பித் தர முடியாது, நம் ஊரில் அது வழக்கமில்லை. இரண்டு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி சர்க்கரையோ வைத்துக் கொடுங்கள், கத்திரிக்காய் நன்றாக வந்திருந்தால் ஒரு கிண்ணம் அதையே கொடுத்துவிடலாம். நீங்களே கிறிஸ்தவர்கள் என்றால் தட்டு உங்கள் வீட்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும், கேக்கை அரைக் கிலோவாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருந்தால்

இந்த அளவில் ஒரு கரண்டி மிஞ்சலாம், அதிகம் இருக்காது. குக்கரிலேயே மூடி ராத்திரி முழுக்க மேடையில் விட்டுவிடாதீர்கள். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது, அறைச் சூட்டில் சாதம் கிடந்தால் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்டு எழுந்ததும், அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான டப்பாவில் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, ஆவி பறக்கும்வரை சூடு பண்ணி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் 26ஆம் தேதி ஆபீஸ் கிளம்புமுன் டிபன் முடிந்தது. ஃபிரிட்ஜ் இல்லை என்றால் மிச்சம் வைக்காமல் இரவே முடித்துவிடுங்கள். மீதிப் புதினாவை மட்டும் தண்டோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், துவையலுக்கு ஆகும்.